சாவு வீட்டுக்குப் போகாத கேமரா

நெல்லித்தோப்பில் பக்கிரி தோளில் பையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால், எதிரில் வருகிறவர்கள் "சாப்ட்டியா?" என்று கேட்க மாட்டார்கள். "யார் வீட்ல?" என்றுதான் கேட்பார்கள். பையில் கேமராவுக்குப் பதில் கத்தரிக்காய் இருந்தாலும் கேள்வி அதேதான். சிலர் அதையும் கேட்காமல், எதையோ மறந்துவிட்ட மாதிரி வீட்டுக்குள் திரும்பிப் போய், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவார்கள். ஒழுங்காகக் குளித்து, தலை சீவி, தன் பாட்டுக்குப் போகிற மனுஷனைப் பார்த்துச் சகுனம் பார்த்தால் அவன்தான் என்ன செய்வான், பாவம்.

பக்கிரியின் தொழில் போட்டோ. ஆனால் அவன் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தவர்களில் கண் திறந்திருந்தவர்கள் ரொம்பக் குறைவு. உயிரோடு இருக்கும்போது ஒரு படம் எடுத்து வைக்கத் தோன்றாத வீடுகள் எத்தனையோ இருக்கின்றன. ஆள் போன பிறகுதான் சுவரில் மாட்ட ஒன்றுமில்லையே என்று பதறுவார்கள். நாற்காலியில் உட்கார வைத்து, தாடைக்குத் துணி கட்டி, மாலை போட்டுவிட்டு, "ஓடு, பக்கிரியக் கூட்டியா" என்று ஆள் விடுவார்கள். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் குடும்பங்களில் இன்னொரு காரணமும் உண்டு. மகன் மார்செய்யில் இருப்பான், மகள் பாரீசில் இருப்பாள், அடக்கத்துக்கு வந்து சேர முடியாது. அப்பன் முகத்தைப் படமாகவாவது அனுப்ப வேண்டும். மற்ற ஸ்டூடியோக்காரர்கள் இதற்கெல்லாம் வர மாட்டார்கள். சாவு வீட்டுக்குப் போன கேமராவைக் கல்யாண வீட்டில் சேர்க்க மாட்டார்கள் என்ற பயம் அவர்களுக்கு. ஒரு காலத்தில் ஸ்டூடியோவில் எடுபிடியாக இருந்த பக்கிரியை முதலாளி ஒரு தடவை சாவு வீட்டுக்கு அனுப்பினார். அப்புறம் ஊரே அவனை அங்கேயே நிறுத்திவிட்டது.

அவன் மனைவி சொர்ணத்துக்குத்தான் இது பெரிய கொடுமை. அக்கம்பக்கத்தில் வளைகாப்பு என்றால் எல்லோருக்கும் மஞ்சள் குங்குமம் நீட்டுகிற கை அவளிடம் வரும்போது கொஞ்சம் தயங்கும். போன வருஷம் மகளுக்கு மஞ்சள் நீராட்டு வைத்தபோது பந்தியில் பாதி இலை காலியாகக் கிடந்தது. அன்று சாயங்காலம் மிச்சமான சாம்பாரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு அவள் அழுத அழுகையை பக்கிரி மறக்கவில்லை.

அப்படிப்பட்டவனுக்கு ஒரு கல்யாண ஆர்டர் வந்தது. இரண்டாயிரத்து மூன்றாம் வருஷப் பொங்கலுக்குச் சில வாரம் முன்பு. கூப்பிட்டவர் துய்மா வீதி லெயோன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். முந்தின வருஷம் அவருடைய அப்பா இறந்தபோது பக்கிரிதான் படம் எடுத்தான். அந்தப் படம் பிரான்சில் இருக்கிற உறவுக்காரர்கள் வீட்டிலெல்லாம் மாட்டியிருக்கிறதாம்.

"எங்கப்பா உயிரோட இருந்தப்ப எடுத்த படத்துலகூட அவ்ளோ கம்பீரமா இல்லப்பா," என்றார் லெயோன். "எம் பொண்ணு பொலின் கல்யாணத்த நீதான் எடுக்கணும். மாப்ள தெயோ பிரான்ஸ்லேந்து வர்றாரு. கல்யாணம் முடிஞ்சதும் கூட்டிட்டுப் போயிடுவாரு. அப்புறம் எங்களுக்கு இருக்கப்போறது படம்தான்."

பக்கிரி "சரிங்க முசியே" என்று சொல்வதற்குள் உள் கதவருகில் நின்றிருந்த லெயோனின் மனைவி ஃபிரான்சுவாஸ் பேசினாள்.

"அந்த ஆளு வரட்டும், நான் வேணாங்கல. அந்தக் கேமரா என் வாசப்படி ஏறக் கூடாது."

"தெனம் சர்ச்சுக்குப் பூசைக்குப் போறவ நீ. உனக்கு இன்னாத்துக்கு இந்தச் சகுனமெல்லாம்?"

"பூசைக்குப் போனா பயம் போயிடுமா? உங்கப்பா பொணத்தப் பாத்த கண்ணாடி வழியா என் பொண்ணு மொகத்தப் பாக்கக் கூடாது. அவ்ளோதான்." பிறகு பக்கிரியைப் பார்த்தாள். "உன்கிட்ட வேற கேமரா இருக்குதா? சாவு வீட்டுக்கே போகாதது?"

"இருக்குது மதாம்," என்றான் பக்கிரி.

எங்கே இருந்தது? இருந்தது ஒன்றே ஒன்று. இடது பக்கம் வார் மாட்டும் வளையம் உடைந்து, அதற்குப் பதில் சாவி வளையம் கோத்த பழைய ஜப்பான் கேமரா. கழுத்தை அறுக்காமல் இருக்கட்டும் என்று சொர்ணம் அந்த வாரில் தன் பச்சைப் புடவையின் பார்டரை வெட்டித் தைத்திருந்தாள். லெயோன் கொடுத்த அட்வான்ஸோடு துய்மா வீதியிலிருந்து வீடு வந்து சேருகிற வரைக்கும் பக்கிரிக்குத் தான் சொன்ன பொய்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

சொர்ணம் திட்டவில்லை. சீட்டு எடுத்த பணத்தை அரிசிப் பானையிலிருந்து எடுத்து அவன் கையில் வைத்தாள். "வாங்கிடுங்க. இந்த ஒரு கல்யாணம் நல்லா நடந்துட்டா நாலு பேரு கூப்புடுவாங்க. நம்மளும் மனுஷங்க மாதிரி நடமாடலாம்."

மறுநாளிலிருந்து பக்கிரிக்கு அலைச்சல் ஆரம்பித்தது. நேரு வீதிக் கடையில் புதுக் கேமராவின் விலையைக் கேட்டான். கடைக்காரர் சொன்னதைக் கேட்டுவிட்டு, துடைத்த கண்ணாடிப் பெட்டியை இன்னொரு தரம் பார்த்துவிட்டு வந்தான். டிஜிட்டல் என்று ஒன்று வந்திருக்கிறதாம், அதன் விலையைக் கேட்கவே பயந்தான். அவன் பணத்துக்குப் புதுசில் கிடைப்பது, கடற்கரையில் சுற்றுலாக்காரர்கள் கழுத்தில் தொங்குகிற சின்னப் பொட்டிதான். பிறந்தநாள் கேக் வெட்டுவதை எடுக்க அது போதும். சர்ச் பீடத்தில் தாலி கட்டுவதை அதில் எடுத்தால் மாப்பிள்ளையும் பெண்ணும் இருட்டில் நிற்கிற இரண்டு வெள்ளைத் துணியாகத்தான் வருவார்கள்.

பழையதுதான் கதி என்று காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போனான். அங்கே பழைய ரேடியோ, கடிகாரம், கேமரா விற்கிற நாராயணசாமி அவனுக்குத் தெரிந்தவர். விரிப்பில் கிடந்த கேமராக்களை பக்கிரி ஒவ்வொன்றாகத் தூக்கினான். ஒன்று பளபளவென்று புதுசு மாதிரி இருந்தது; லென்சைக் கழற்றி வானத்துக்கு எதிரில் பிடித்தால் உள்ளே வேர் விட்ட மாதிரி பூசணம். கடல்காற்று ஊரில் பழைய லென்ஸ் வாங்குகிறவன் முதலில் பார்ப்பது அதைத்தான். இன்னொன்றின் ஷட்டரைக் காதருகில் வைத்து அழுத்தினான். திறந்தது, மூடுவதா வேண்டாமா என்று யோசித்தது. மூன்றாவது எல்லா விதத்திலும் நன்றாக இருந்தது. லென்ஸ் சுத்தம், ஷட்டர் சத்தம் சீராக இருந்தது, விலையும் படிந்து வந்தது.

"இது யாரோடது?"

"கடலூர்ல ஒரு ஸ்டூடியோ. மூடிட்டாங்க."

"சாவு வீட்டுக்குப் போயிருக்குமா?"

நாராயணசாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பொண்ணா கட்டப் போற? கேமராவுக்கு ஜாதகமா பாக்க முடியும்? ஸ்டூடியோ கேமரான்னா கல்யாணத்துக்கும் போயிருக்கும், கருமாதிக்கும் போயிருக்கும். அதுவும் நீ வந்து கேக்குற பாரு."

பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். பக்கிரியும் சிரித்து வைத்தான். வேறு யாராவது என்றால், போயிருக்காது என்று நினைத்துக்கொண்டு வாங்கிப் போயிருப்பான். இவனால் முடியவில்லை. ஏற்கெனவே ஒரு பொய் சொல்லியாகிவிட்டது, அதற்கு மேல் இன்னொன்றை ஏற்ற அவனுக்குத் தைரியம் இல்லை.

ஊரில் கால் வைக்காத இடமில்லை. ஒரு வாரம் போயிற்று, இன்னொரு வாரமும் போயிற்று. சோறு இறங்கவில்லை. ராத்திரி புரண்டு புரண்டு படுத்தான். கடைசியில் நாராயணசாமியே மனசு கேட்காமல் ஒரு விலாசம் சொன்னார்: சாரம் பகுதியில் சக்கரபாணி என்று ஒருவர், சர்க்கார் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், கை நடுக்கம் வந்ததால் கேமராவைத் தள்ளிவிடப் பார்க்கிறாராம்.

சக்கரபாணி கேமராவைப் பஞ்சு வைத்துச் சுற்றி அலமாரியில் வைத்திருந்தார். பக்கிரி லென்சை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். நல்ல அகலமான வாய். மங்கின வெளிச்சத்திலும் ஃபிளாஷ் இல்லாமல் முகத்தைப் பிடித்துவிடும்.

"இத வச்சி எதெல்லாம் எடுத்திருக்கீங்க சார்?"

"ரோஜா," என்றார் சக்கரபாணி.

"ரோஜான்னா?"

"ரோஜாப் பூ. மாடியில தொட்டி வச்சிருக்கேன். விடியக்காலம் பனி இருக்கும்போது எடுப்பேன். மனுஷன் ஒருத்தனையும் எடுத்ததில்ல. மனுஷனுங்க மூஞ்சிய ஆபீஸ்லயே போதும் போதும்னு பாத்தாச்சு."

பக்கிரிக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. மனுஷனையே பார்க்காத கேமரா. ஃபிரான்சுவாஸ் சர்ச்சில் வைத்து விசாரித்தாலும் தலை நிமிர்ந்து பதில் சொல்லலாம். ஆனால் விலை? சக்கரபாணி பேரம் பேசுகிற ஜாதி இல்லை. சீட்டுப் பணமும் அட்வான்ஸும் அத்தனையும் போட்டும் எட்டவில்லை. பழைய கேமராவையும் அதோடு இருக்கும் ஃபிளாஷையும் விற்றால் சரியாக வரும்.

இங்கேதான் பக்கிரி தவித்தான். கொஞ்சம் விவரமுள்ள போட்டோக்காரன் எவனும் ஒற்றைக் கேமராவோடு கல்யாணத்துக்குப் போக மாட்டான். ஒன்று மக்கர் பண்ணினால் இன்னொன்று வேண்டும். ஃபிளாஷ் இல்லாமல் போகிறவனைப் பைத்தியம் என்பார்கள். வீட்டுக்கு வந்து சொர்ணத்திடம் சொன்னான். அவள் ஒரே முடிவாக இருந்தாள்.

"வித்துடுங்க. அது இந்த வீட்ல இருக்கற வரைக்கும் சாவுக்குத்தான் நம்மளக் கூப்புடுவாங்க. கேமரா இல்லன்னு சொல்லிட்டா எவனும் வாசல்ல வந்து நிக்க மாட்டான்."

"கல்யாணம் முடிஞ்சி ராத்திரி பார்ட்டிக்கு ஃபிளாஷ் வேணுமே."

"ஒரு நாள் வாடகைக்கு எடுங்க. கோயில்ல ஜன்னல் வெளிச்சம் இல்லியா?"

கோயிலில் வெளிச்சம் உண்டு. அந்த லென்சும் குறைந்த வெளிச்சத்துக்கான வேகமான ஃபிலிமும் இருந்தால் பீடத்துப் படங்களை ஃபிளாஷ் இல்லாமலே எடுத்துவிடலாம், அது இன்னும் அழகாகக்கூட இருக்கும். பக்கிரி மனசைத் தேற்றிக்கொண்டான். பழைய கேமராவை வாரோடு, சாவி வளையத்தோடு, பச்சைப் பார்டரோடு நாராயணசாமியிடம் கொடுத்துவிட்டு, சாரத்துக்குப் போய் ரோஜாக் கேமராவை வாங்கி வந்தான். சொர்ணம் அதற்குக் கற்பூரம் காட்டி, சந்தனம் வைத்தாள். அந்த வீட்டில் அன்று ராத்திரி எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

மாட்டுப் பொங்கலன்று காலையில் விமல்ராஜ் வந்தான்.

பிள்ளைச்சாவடிக்காரன், கடலுக்குப் போகிற இளவட்டம். சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு உள்ளே வராமல் நின்றான். லுங்கி நனைந்திருந்தது.

"அண்ணா, பாப்பா போயிடுச்சுணா."

காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் விடியற்காலையில் போய்விட்டது. அபி என்று பேர். அடுத்த மாசம்தான் ஒரு வயசு நிறைகிறது. மொட்டையடித்துக் காது குத்துகிற வரைக்கும் பிள்ளையைப் படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். அதனால் ஒரு படம்கூடக் கிடையாது. காது குத்தும் அன்றைக்கு எடுக்கலாம் என்று இருந்தார்களாம். மத்தியானத்துக்குள் அடக்கத்துக்கு எடுத்துப் போய்விடுவார்கள்.

"தெரிஞ்ச எல்லா ஸ்டூடியோவும் போயிட்டேன். கல்யாண சீசன், வர முடியாதுன்றாங்க. நெல்லித்தோப்பு பக்கிரியண்ணன்தான் வருவாருன்னு சொன்னாங்க."

பக்கிரி சொர்ணத்தைப் பார்த்தான். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பழைய கேமராவ வித்துட்டேன்பா," என்றான். "என்கிட்ட இருக்கறது துய்மா வீதி லெயோன் முசியே வீட்டுக் கல்யாணத்துக்குன்னு வாங்கினது. அத சாவு வீட்டுக்கு எடுத்தாறவே மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். நான் இன்னா பண்ணட்டும், சொல்லு."

விமல்ராஜ் வாதாடவில்லை. "சரிணா" என்றான். சைக்கிளைத் தூக்கி நிறுத்தினான். ஏறப்போனவன், ஏறாமல் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நின்றான். எங்கே போவது என்று அவனுக்கே தெரியவில்லை. இனிமேல் கேட்க இடமில்லை. போ என்று சொல்லவும் ஆளில்லை. அப்படியே நின்றுகொண்டிருந்தான்.

பக்கிரி உள்ளே போய் உட்கார்ந்தான். எழுந்தான். தண்ணீர் குடித்தான். வெளியே சைக்கிள் நகருகிற சத்தம் வருமா என்று காதை வைத்துக்கொண்டே இருந்தான். வரவில்லை.

"போகாதீங்க," என்றாள் சொர்ணம். "உங்களக் கையெடுத்துக் கும்புடறேன். நம்ம பொண்ணுக்காகப் போகாதீங்க."

"ஒரு வயசு நெறையல சொர்ணம். அவன்கிட்ட ஒரு படம்கூட இல்ல."

அவள் கதவை விட்டு விலகினாள். பக்கிரி பையைத் தோளில் மாட்டினான். வாசலில் எதிர்வீட்டுக்காரர் பல் விளக்கிக்கொண்டிருந்தார். "யார் வீட்ல?" என்றார்.

பிள்ளைச்சாவடியில் குழந்தையை ஈரப்பாயில் கிடத்தியிருந்தார்கள். பிறந்தநாளுக்கு என்று வாங்கி வைத்திருந்த கவுனைப் போட்டிருந்தார்கள். பெரியதாக வாங்கியிருந்ததால் தோளில் நிற்கவில்லை. உள்ளே இருட்டு. ஃபிளாஷ் கிடையாது. பக்கிரி குழந்தையைத் தானே தூக்கி, கடல் வெளிச்சம் விழுகிற வாசற்படிக்குப் பக்கத்தில் தலையணை வைத்துச் சாய்த்தான். ரோஜாப் பூக்களை மட்டுமே பார்த்திருந்த லென்ஸ் வழியாக முதல் மனுஷ முகத்தைப் பார்த்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினான்.

குழந்தையின் தாய் சுவரோடு சாய்ந்திருந்தவள் அப்போதுதான் வாய் திறந்தாள். "கண்ணத் தொறந்தாப்ல போட்டுக் குடுங்கணா."

இது பக்கிரி செய்கிற வேலைதான். மூடிய கண்ணுக்கு மேல் பிரிண்ட்டில் பிரஷ்ஷால் கண் எழுதிக் கொடுப்பான். ஆனால் சும்மா ஏதோ ஒரு கண்ணை எழுத மாட்டான். சொந்தத்தில் யார் கண் இறந்தவருக்கு இருந்ததோ, அவரையும் ஒரு படம் எடுத்துக்கொண்டு, அதைப் பார்த்து எழுதுவான். தாயின் கண் அழுது வீங்கியிருந்தது.

"பாப்பாவுக்கு யார் கண்ணு?"

"என் கண்ணுதான்னு சொல்லுவாங்க," என்றான் விமல்ராஜ்.

"இப்டி வந்து உக்காரு. கேமராவப் பாரு. கொஞ்ச நேரம் அழாம இரு." விமல்ராஜ் உட்கார்ந்தான். பார்வை செத்துக் கிடந்தது. இதை எழுதினால் குழந்தைக்கும் இதே பார்வைதான் வரும். பக்கிரி கேமராவை இறக்கினான். "நீ கடலுக்குப் போயிட்டு வந்தா பாப்பா உன்ன எப்டிப் பாக்கும்? அப்டிப் பாரு."

விமல்ராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு நிமிர்ந்தான். கண்ணை அகல விரித்து, யாரோ தூக்கிக்கொள்ள வருகிறார்கள் என்பது போலப் பார்த்தான். பக்கிரி எடுத்துவிட்டான். அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரையும் அழாமல் இருக்கச் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சொர்ணம் வாசலிலேயே அவன் தலையில் தண்ணீர் ஊற்றினாள். கேமராவைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "ஆனது ஆச்சு. யாருக்கும் தெரிய வேணாம். வாயத் தொறக்காம போயி அந்தக் கல்யாணத்த எடுத்துட்டு வாங்க." பக்கிரி தலையாட்டினான். கேமராவுக்கு என்ன வாயா இருக்கிறது? அடுத்த சில நாள் ஜன்னலடியில் உட்கார்ந்து, மெல்லிய பிரஷ்ஷைக் கையில் பிடித்து, அப்பன் கண்ணை மகள் முகத்தில் எழுதினான். விழியில் கடைசியாக ஒரு வெள்ளைப் புள்ளி வைத்ததும் குழந்தை பார்த்தது. விமல்ராஜ் வந்து வாங்கிக்கொண்டு போனான். பக்கிரியின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனான்.

கல்யாணத்துக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. லெயோன் நெல்லித்தோப்புக்குத் தானே தேடி வந்தார். பக்கிரி நாற்காலியை இழுத்துப் போட்டதும் உட்கார்ந்தார்.

"சின்னப்பாப்பான்னு ஒரு பொம்பள எங்க தெருவுக்கு மீன் கொண்டாருவா. தெரியுமா உனக்கு?"

"தெரியாதுங்க முசியே."

"பிள்ளைச்சாவடி விமல்ராஜோட அக்கா. இன்னிக்குக் காலையில கூடையில ஒரு படத்தக் கொண்டாந்திருக்கா. தெருவெல்லாம் காட்டிட்டு வர்றா. ஃபிரான்சுவாஸ் கையில வாங்கிப் பாத்து, எவ்ளோ அழகு, எத்தன மாசம்னு கேட்டு, படத்துக்கு முத்தம் குடுத்திருக்கா." லெயோன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "அந்தப் பொம்பள உன்னப் புகழ்ந்து தள்ளுறா. 'உங்க கல்யாணத்துக்குன்னு வச்சிருந்த கேமராம்மா, எங்க புள்ளைக்காக எடுத்தாந்தாரு, அந்த மகராசன் நல்லா இருக்கணும்'னு அழுவுறா. கேட்டுட்டு ஃபிரான்சுவாஸ் உள்ள போயி வாயக் கொப்புளிச்சவதான், இன்னும் சாப்புடல."

பக்கிரிக்குப் புரிந்தது. அன்று வாசலில் நின்று விமல்ராஜிடம் தான் சொன்ன சாக்கு அப்படியே திரும்பி வந்திருக்கிறது.

"முசியே, வேற கேமரா வாடகைக்கு எடுத்தாறேன். இத வீட்ல வச்சிப் பூட்டிடறேன். சாமியாரக் கூப்ட்டு என் தலையில தண்ணி தெளிக்கச் சொல்லுங்க, நிக்கிறேன். காசே வேணாம் முசியே. இந்த ஒரு கல்யாணம் மட்டும் எடுத்துக்கறேன்." பேசப் பேச அவன் குரல் உடைந்தது. உள்ளேயிருந்து மகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"நான் பட்டாளத்துல பாக்காத பொணமாப்பா? எனக்கு ஒண்ணும் இல்ல. பொண்டாட்டி முன்னால நிக்க முடியல." லெயோன் எழுந்தார். "வேற ஆளு பேசியாச்சு. முத்தியால்பேட்டையில ஒருத்தன். கல்யாணம் மட்டுந்தான் எடுப்பானாம். கேமராவே ரெண்டு வச்சிருக்கான். அட்வான்ஸ நீயே வச்சிக்க."

அவர் போன பிறகு சொர்ணம் அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவன் கூப்பிட்டான், வரவில்லை. அன்றும் மறுநாளும் அந்த வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான்.

கல்யாணத்தன்று பக்கிரி குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். "எங்க?" என்றாள் சொர்ணம். அவனுக்குச் சொல்லவே கூச்சமாக இருந்தது. முத்தியால்பேட்டைக்காரன் வராமல் போகலாம். கேமரா மக்கர் பண்ணலாம். ஃபிலிம் தீர்ந்துபோகலாம். அப்போது லெயோன் தெருவைத் திரும்பிப் பார்த்தால், பக்கிரி அங்கே நிற்க வேண்டும், கேமராவில் ஃபிலிம் போட்டு. எவ்வளவு கேவலமான ஆசை என்று அவனுக்கும் தெரியும். சொர்ணம் அவனைப் பார்த்துவிட்டு, புடவையை மாற்றிக்கொண்டு கூடவே வந்தாள். தனியாக விட அவளுக்குப் பயம்.

கல்யாணம் நடந்த சம்பா கோயில் சர்ச்சுக்கு எதிரில் ஒரு மரத்தடியில் இருவரும் நின்றார்கள். முத்தியால்பேட்டைக்காரன் வந்திருந்தான். எதுவும் மக்கர் பண்ணவில்லை. பூசை முடிந்து மணி அடித்தது. பொலினும் தெயோவும் படியில் வந்து நின்றார்கள். போட்டோக்காரன் ஒரு கேமராவில் ஃபிலிம் தீர்ந்ததும் அதை உதவியாளனிடம் கொடுத்துவிட்டு, தோளில் கிடந்த இன்னொன்றை முன்னால் இழுத்தான்.

சொர்ணம்தான் முதலில் பார்த்தாள். பக்கிரியின் முழங்கையை இறுகப் பிடித்தாள்.

"அது என் பொடவ."

வாரில் பச்சைப் பார்டர். இடது பக்கம் சாவி வளையம். பக்கிரியும் பார்த்தான். சந்தேகமே இல்லை. லெயோனுடைய அப்பாவைப் பார்த்த அதே கேமரா. ஊரில் கண் மூடின எத்தனையோ பேரைப் பார்த்த அதே லென்ஸ். நாராயணசாமி விரிப்பிலிருந்து யாரோ வாங்கி, இதோ கல்யாணப் பெண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருக்கிறான். பக்கிரியின் கழுத்தில் ரோஜாக் கேமரா சும்மா தொங்கியது.

"போங்க," என்றாள் சொர்ணம். பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "போயி அந்தம்மாகிட்ட சொல்லுங்க, அது எந்தக் கேமரான்னு. நம்ம வாயில மண்ணப் போட்டாங்க இல்ல? இப்ப சொல்லுங்க. அவ மொகம் எப்டிப் போகுதுன்னு நான் பாக்கணும்."

பக்கிரி தெருவைக் கடந்தான். அவனுக்கும் அதே வெறிதான். படியேறும்போதே ஃபிரான்சுவாஸ் அவனைப் பார்த்துவிட்டாள். அவள் முகம் வெளுத்தது. பட்டுப் புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பெண்ணுக்கு முன்னால் வந்து மறைத்தபடி நின்றாள். அவள் கண் அவன் கழுத்தில் கிடந்த கேமராவை விட்டு நகரவில்லை. கையால் ஒரு சிலுவை போட்டுக்கொண்டாள்.

அவளுக்குப் பின்னால், "கொஞ்சம் சிரிம்மா" என்றான் போட்டோக்காரன். தெயோ என்னவோ காதில் சொன்னான். பொலின் வாய்விட்டுச் சிரித்தாள், நேராக அந்த லென்சைப் பார்த்து. பக்கிரி அந்தக் கேமராவை எத்தனையோ முகங்களுக்கு நேராகப் பிடித்திருக்கிறான். ஒருவரும் அதைப் பார்த்துச் சிரித்ததில்லை.

பக்கிரி ஏறின படியிலேயே நின்றான்.

"இன்னா வேணும் உனக்கு?" என்றாள் ஃபிரான்சுவாஸ், மெதுவாக.

"ஒண்ணும் வேணாம் மதாம்," என்றான் பக்கிரி. "அவுரு கையில இருக்கறது நல்ல கேமரா. எனக்குத் தெரியும். படம் நல்லா வரும், பயப்படாதீங்க."

ஃபிரான்சுவாஸ் திரும்பி அந்தக் கேமராவைப் பார்த்தாள். அவள் தோள் கொஞ்சம் தளர்ந்தது. "மெர்சி," என்று பழக்கத்தில் நன்றி சொன்னாள்.

பக்கிரி இறங்கித் தெருவைக் கடந்து வந்தான். சொர்ணம் மரத்தடியில் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்ட்டீங்களா?"

"சொல்ட்டேன்."

"இன்னான்னு?"

"நல்ல கேமரான்னு."

சொர்ணம் அவனை அடிக்கப் போகிறவள் மாதிரி கையை ஓங்கினாள். ஓங்கின கை அப்படியே அவன் தோளில் விழுந்தது, அதைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். கோயில் வாசலில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்ததால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கிரி பையை மாட்டிக்கொண்டு அவளை அழைத்துக்கொண்டு நடந்தான். நெல்லித்தோப்புத் தெருமுனையில் பெட்டிக்கடைக்காரர் அவர்களைப் பார்த்து, "யார் வீட்ல?" என்று கேட்டார்.